ஒரு துணைவினையின் வரலாறு

2011ஆம் ஆண்டு ஆங்கில ஆசிரியனாகத் துணுக்காய்க்குப் போனேன். கல்முனைப் பக்கத்திலிருந்து அங்கே நியமனம் என்றபோது வீட்டில் எவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. “மல்லாவிக்குப் பக்கம்” என்ற பிறகுதான் ஓரளவு பிடிபட்டது. 1996இல் கிளிநொச்சியையும் விட்டு இடம்பெயர்ந்த சனம் மல்லாவியில் குவிந்த காலத்தில் அந்தப் பெயர் செய்திகளில் அடிபட்டிருந்தது. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பிப் போக வேண்டும். மீளக் குடியேறியவர்கள் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே வாழ்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

போய்ச் சில மாதங்களில் ஒரு தவறு செய்தேன். பாடசாலைக்கு அருகில் குடியிருந்த வயதான கமக்காரர் ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். இடிந்த கிணற்றைத் திருத்தித் தரும்படி அவர் கேட்டிருந்ததற்கு ஏதோ ஓர் அலுவலகம் அனுப்பிய பதில். “மாஸ்டர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். மணி அடித்துவிட்டது, நான் அவசரத்தில் இருந்தேன். உங்கள் கோரிக்கை கவனிக்கப்படலாம் என்று எழுதியிருக்கிறது ஐயா என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். “அப்ப செய்யலாமாம்” என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் முற்றத்தில் கடனுக்கு வாங்கிய கல்லும் சீமெந்தும். அந்த வருடம் பணம் வரவில்லை.

கடிதத்தில் பொய் எதுவுமில்லை. ‘மே’ என்ற துணைவினைக்குப் பின்னால், ‘நிதி கிடைப்பதற்கு உட்பட்டு’ என்று பொருள்படும் ஒரு முன்னிடைத் தொடர் இருந்தது. நான் துணைவினையை வாய்விட்டுச் சொன்னேன், தொடரை விழுங்கிவிட்டேன்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரித்து வாசிக்கக் கூடாது என்பதை வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்றால் பெரும்பாலும் அது ஊகம்: அவர் வீட்டில்தான் இருப்பார். கடைசியில் ‘பை சிக்ஸ்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஊகம் கட்டளையாகிவிடும்: ஆறு மணிக்குள் அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். துணைவினை மாறவில்லை, ‘மஸ்ட்’ அதே ‘மஸ்ட்’தான். பொருளைப் புரட்டியது வாலில் வந்த நேரத் தொடர். ஊரடங்குச் சட்டத்தை அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

இன்னொரு உதாரணத்தை நான் தேடிப் போகவில்லை. வேலி ஓரத்தில் மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகையாக நின்றது. இந்தக் காணியில் மிதிவெடி இருக்கலாம். இந்தக் காணியில் நடக்கலாம். இரண்டிலும் அதே ‘காணியில்’, அதே ‘லாம்’. ஆங்கிலத்திலும் இரண்டு இடத்திலும் ‘மே’ வரும். ஒன்று எச்சரிக்கை, மற்றது அனுமதி. இதைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளை இடறும் இடம் இந்தப் பொருள் மயக்கம் அல்ல. சொல் நிற்கும் வரிசை. நாம் வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம். அதோடு, நமது துணைவினை எழுவாயின் உருபையும் மாற்றிவிடுகிறது. ‘என்னால் போக முடியும்’ என்கிறோம். ‘நான் போக வேண்டும்’ என்றால் கடமை. ‘எனக்குப் போக வேண்டும்’ என்றால் ஆசை. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றும் ‘ஐ’தான். கிழக்கில் முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கற்பித்தபோது எனக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ‘பிஸ்மில்லாஹ்’வைப் பிரித்துக் காட்டுவேன்: பி, இஸ்ம், அல்லாஹ். தமிழில் அல்லாஹ், பெயர், ஆல். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரிசை அப்படியே தலைகீழ். ஓதல் பள்ளியில் முதல் நாளே பெயருக்கு முன்னால் வரும் ‘ஹர்ஃப் ஜர்’ரை நாக்கில் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கில முன்னிடைச்சொல் புதுச் சரக்கல்ல. துணுக்காயில் இந்த வழி எனக்கில்லை. வேறு வழி தேட வேண்டியிருந்தது.

தேடும்போது கைக்கு வந்தவை நாட்டின் மொழிச் சட்டங்கள். ‘மே’யும் ‘ஷல்’லும் முன்னிடைத் தொடரோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடப் புத்தகத்தை நான் இன்றுவரை காணவில்லை.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை இலங்கையின் ஒரே அரசகரும மொழியாக்கியது. அந்த வசனத்தின் துணைவினை ‘ஷல்’. அதற்கு இடமும் இல்லை, நிபந்தனையும் இல்லை. அடுத்து ஒரு விதிவிலக்கு வருகிறது. உடனடியாகச் சிங்களத்துக்கு மாறுவது இயலாத காரியங்களில் அதுவரை இருந்த மொழி தொடரலாம், அங்கே ‘மே’. அதன் வாலில் காலத் தொடர்: 1960 டிசம்பர் 31க்கு முன். அந்தத் திகதி தாண்டியதும் ‘மே’ செத்துப்போனது. 1961 ஜனவரியில் நிருவாகம் சிங்களத்துக்கு மாறத் தொடங்க, பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் ஆரம்பமாகியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும் நமது தலைவர்களில் சிலர் 1956இல் அந்த ‘ஷல்’லை ஆதரித்தார்கள். அதற்கு அவர்களிடம் அரசியல் காரணங்கள் இருந்தன. ஆனால் கிழக்கிலும் வடக்கிலும் விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முஸ்லிம் கமக்காரனுக்கும் மீனவனுக்கும் அந்தக் காரணங்கள் உதவவில்லை. இதைப் பற்றி நாம் இன்னும் அதிகம் எழுதியிருக்க வேண்டும்.

1958இல் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 28ஆம் இலக்கம். அந்த வருடக் கலவரத்துக்குப் பின், தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் தடுப்பில் இருந்தபோது நிறைவேறியது. அதில் நிருவாகத்தில் தமிழின் இடத்தைச் சொல்லும் வசனத்தை மாணவர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். வாசலிலேயே இடத் தொடர்: வடக்கு கிழக்கு மாகாணங்களில். பிறகு துணைவினை: தமிழ் பயன்படுத்தப்படலாம். பிறகு நோக்கத் தொடர்: விதிக்கப்பட்ட நிருவாகக் காரியங்களுக்கு. கடைசியில் காவல் தொடர்: அதே காரியங்களில் அரசகரும மொழியின் பாவனைக்குப் பங்கமில்லாமல். நான்கு துண்டுகள். ‘லாம்’ ஒன்றுதான் தருகிறது. மற்ற மூன்றும் அதைச் சுற்றி வேலி அடைக்கின்றன. ‘விதிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குள் இன்னொரு பூட்டு: யாராவது விதித்தால்தான் அந்தக் காரியங்கள் உண்டு. அதற்கான பிரமாணங்கள் வந்தது 1966 ஜனவரியில். இடையில் ஏழு வருடத்துக்கு மேல் அந்த ‘மே’ கடதாசியில் கிடந்தது. துணுக்காய் அந்த ‘மாகாணங்களில்’ என்ற தொடருக்கு உள்ளேதான் இருந்தது. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த தமிழ் பேசுவோர் வெளியே நின்றார்கள்.

எதிர்மறை ‘ஷல்’ ஒன்றும் அந்தக் காலத்தில் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தினருக்கு மட்டும் இடையூறு உண்டாக்கும் சட்டம் எதுவும் ஆக்கப்படலாகாது என்றது. சிங்களப் பரீட்சை சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடுக்க இயலாது என்று சொல்லி அதைத் தள்ளியது. 1969இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில் வழக்குத் தொடுக்க இயலும் என்றது; மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் தீர்க்காமல் திருப்பி அனுப்பியது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. இப்போது தமிழுக்கும் ‘ஷல்’. ஆனால் அந்த ‘ஷல்’லை நமது சட்டத் தமிழ் ‘ஆதல் வேண்டும்’ என்று பெயர்க்கிறது. சட்டம் படித்தவருக்கு அது கட்டளை. கிராமத்தில் வாசித்தால் அது ஆசைபோல் ஒலிக்கிறது. மேல் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “சேர், ஆகிட்டுதா, இனித்தான் ஆகவேணுமா?” ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லில் கடமையையும் விருப்பத்தையும் வைத்திருக்கும் மொழியில் அது நியாயமான கேள்வி. இலக்கணப்படி ஆகிவிட்டது என்று பதில் சொன்னேன். அந்த நாட்களில் பொலிஸ் முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டது என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதிலில்லை.

2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. நமது பாணியில் ஆங்கிலம் பேசுவோம் என்பது சுலோகம். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதம் வன்னிப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. எனது வகுப்பில் பதினைந்து வயதில் ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ மூன்றையும் குழப்பியவர்கள் மந்த புத்திக்காரர் அல்லர். அவர்களிடம் ‘மட்டும்’ என்ற சொல்லே இரண்டு வேலை செய்தது. ‘பின்னேரம் மட்டும் இருந்தன்’ என்றால் பின்னேரம் வரை என்று அர்த்தம். அதை வைத்தே ‘அன்டில்’லையும் ‘பை’யையும் பிரித்துக் காட்டினேன்: இரவு மட்டும் முகாமில் இருக்கலாம், இரவுக்குள் முகாமில் இருக்க வேண்டும். ‘அன்டில்’லுக்கு முன் ஒரு வசனம், ‘பை’க்கு முன் மற்ற வசனம். அன்றைக்குப் பிழை விட்டவர்கள் இரண்டு பேர்தான்.

கிணற்றுக் கடனில் ஒரு பகுதியை நான் கொடுக்கப் பார்த்தேன். பெரியவர் வாங்கவில்லை. “நீங்கள் வாசிச்சதுதானே, எழுதினது அவங்கள்” என்றார். அதற்கடுத்த நெல் அறுவடையில் தானே கட்டி முடித்தார். மாற்றம் பெற்று நான் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு இன்னொரு கடிதத்தோடு வந்தார், காணி சம்பந்தமானது. பாடசாலை விட்ட நேரம் பார்த்து வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து, கடதாசியை என்னிடம் தராமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “மாஸ்டர், முதல்ல கடைசியில இருந்து வாசியுங்கோ. வால் இருக்கோ எண்டு பாப்பம்.”

இருந்தது. மூன்று வால்கள். ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல ஒரு மணித்தியாலம் ஆனது.