கல்லும் ஏடும் கணினியும்: திருக்கோவில் கரையின் சமயப் பதிவுகள்

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லா ஊரிலும் பேச்சு தமிழ்தான். வழிபாடு ஓரிடத்தில் கோயிலில், அடுத்த இடத்தில் பள்ளிவாசலில். இந்தக் கரையின் சமய வாழ்வைப் படிப்பதற்கான மூலங்களில் பெரும்பகுதி இன்று கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கிறது. பழைய நூல்கள், குடிசன மதிப்பீட்டு அட்டவணைகள், பாடநூல்கள், ஆய்வுக் கட்டுரைகள் என அவை பலவகைப்படும். ஒவ்வொன்றும் வேறொரு காலத்தில் வேறொரு தேவைக்காக உண்டானது. அந்தத் தேவை எதுவென்று தெரியாமல் படிப்பவர் எளிதில் வழிதவறுவார்.

மூலங்களில் மூத்தது கல். தம்பிலுவில் கல்வெட்டு என்று அறியப்படும் தமிழ்ச் சாசனம் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் உள்ளது. விசயபாகு என்னும் மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டில், தை மாதத்தில், சிவஞானசங்கரர் கோயிலுக்கு மானியம் அளிக்கப்பட்டதை அது சொல்கிறது. விசயபாகு என்ற பெயரில் அரசர் பலர் இருந்ததால் எந்த விசயபாகு என்பதில் எழுத்தமைதிதான் ஆய்வாளருக்குத் துணை. இன்னொரு சிக்கலும் உண்டு. கோயிலில் இன்று மூலவராக இருப்பது வேல். கல் பேசுவதோ சிவன் கோயிலைப் பற்றி.

ஏடு சொல்லும் கதை வேறு. இந்தக் கரையையும் உள்ளடக்கிய மட்டக்களப்புப் பகுதியின் பழவரலாறு கூறும் மட்டக்களப்பு மான்மியத்தில் திருக்கோவிலின் பழம்பெயர் நாகர்முனை. அங்கிருப்பது முருகன் கோயில். அதற்குத் திருப்பணி செய்தவர்கள் கலிங்க, சோழத் தொடர்புடைய அரசர்கள். கல்லில் ஓர் அரசனும் ஆண்டும் மாதமும் கொடையும் மட்டுமே உண்டு. ஏட்டிலோ வமிசங்கள், குடிகள், கோயில்களில் யாருக்கு என்ன முறைமை என்பதெல்லாம் விரிகின்றன. இது வெறும் பழங்கதை அல்ல. பங்கு கூறும் கல்வெட்டு என்று பெயர் பெற்றது போன்ற ஏட்டுப் பகுதிகள், எந்தத் தாய்வழிக் குடிக்கு எந்த உரிமை என்று நிலைநாட்டவே எழுந்தவை. வரலாற்று மாணவர் அவற்றை உரிமைப் பத்திரம் போலப் படிக்க வேண்டும்: எழுதியவர் யார், எழுத்தால் பயனடைந்தவர் யார் என்ற கேள்விகளோடு.

இந்த ஏடுகள் அச்சேறியது மிகப் பிந்தியே. எஸ்.ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1921இலேயே வந்துவிட்டது. ஆனால் மான்மியத்தை எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல்தான் பதிப்பித்தார். இரண்டாண்டில், 1964இல், வி.சி. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது. 1968இல் அவரே, கோயில் சடங்கில் பாடப்படும் கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தார்.

வழக்குரையின் கதை தனியே சொல்லத்தக்கது. வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறக்கப்படும். கப்புகனார் என்றும் கட்டாடியார் என்றும் அழைக்கப்படும் பூசகர் சடங்கை நடத்த, பாடத் தெரிந்தவர்கள் இரவிரவாக வழக்குரையைப் பாடுவார்கள். மதுரையை எரித்த கண்ணகியின் வெம்மையைத் தணிக்கும் திருக்குளிர்த்தியோடு சடங்கு முடியும். பல கோயில்களில் அதன்பின் அடுத்த வைகாசி வரை கதவு சாத்தியே இருக்கும். ஆண்டில் சில இரவுகள் மட்டும் வாய்திறந்து பாடப்பட்ட பனுவல் அச்சில் வந்ததும் எந்த மாதத்திலும், எவரும் படிக்கக்கூடிய நூலானது. பாடபேதங்களை ஒப்பிட முடிந்தது பெரிய லாபம். ஆனால் இராகமும் நடு இரவும் கேட்போரின் பயபக்தியும் அச்சுக்குள் வரவில்லை.

அச்சுப் பிரதிகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. சில நூறு பிரதிகளே அச்சிடும் வழக்கமும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து பல நூல்களைக் கிடைக்காத பொருளாக்கின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இலங்கையில் மிகக் கடுமையாகத் தாக்கியது அம்பாறை மாவட்டத்தை; உயிரோடு மீண்ட பல குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டியில் இருந்த ஒரு காகிதமும் மிஞ்சவில்லை.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் ஒரே பட்டியலில் அமர்ந்த இடம் அது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சமயத் தரவுகளுக்கான காப்பகம் ஒன்று, கருத்துக்கணிப்புகளையும் சபை உறுப்பினர் கணக்குகளையும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. தமிழ் முயற்சி பனுவலிலிருந்து புறப்பட்டது, அமெரிக்க முயற்சி எண்ணிக்கையிலிருந்து. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கே விடை தருகின்றன.

இலங்கைத் தமிழருக்கான பெரிய திருப்பம் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம். மான்மியமும் மட்டக்களப்புத் தமிழகமும் இன்று அங்கே பக்கம் பக்கமாக வருடப்பட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண், அட்டைப் படம், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், உள்ளடக்க விவரம். நூல்களோடு கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சிற்றிதழ்கள் என்று வேறெங்கும் எளிதில் கிடைக்காதவையும் சேர்ந்திருக்கின்றன. கும்பாபிஷேக மலரைப் பலர் விளம்பரப் புத்தகமாகவே பார்ப்பார்கள், அது தவறு. பரிபாலன சபை யார், திருவிழா உபயம் எந்தக் குடிக்கு, தேர் எப்போது செய்யப்பட்டது என்பதற்கெல்லாம் அதைவிட நெருக்கமான சான்று அரிது.

முஸ்லிம் ஊர்களின் பதிவுகளுக்கு அதே தளத்தில் முஸ்லிம் ஆவணகம் என்னும் சிறப்புச் சேகரம் உண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமான, ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், தன் ஆய்வுக் கட்டுரைகளை இணையக் களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறது. பள்ளிவாசல் நிருவாகம், ஸகாத், திருமண வழக்கங்கள் பற்றித் தமிழிலேயே அங்கு படிக்கலாம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பெயரால் நடக்கும் கொடியேற்றம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழமையுடையது. கோயில் நிருவாகத்தில் வண்ணக்கர் போலப் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர், இருபுறமும் தாய்வழிக் குடிகள். இந்த ஒப்புமையை அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாகக் காட்டினார்.

எண்ணிக்கைக்கு அரசின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம். இலங்கையில் 1871 முதல் குடிசன மதிப்பீடு நடக்கிறது. 2012 மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், பௌத்தர் 39 வீதம், இந்துக்கள் 16 வீதம். பிரதேச செயலகப் பிரிவு வாரியான அட்டவணையை இறக்கிக்கொண்டால் படமே மாறும்: பௌத்தர் பெரும்பாலும் உள்நாட்டுப் பிரிவுகளில், முஸ்லிம்களும் இந்துக்களும் கரையில். மாவட்டச் சராசரியை மட்டும் கொண்டு திருக்கோவிலைப் பற்றி எழுதுவது பிழையில் முடியும். மேலும், ‘இந்து’ என்ற ஒரே கட்டத்துக்குள் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பும் திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் அடங்கிவிடுகின்றன. ‘இஸ்லாம்’ என்ற கட்டம், கொடியேற்றத்துக்குப் போவோரையும் அதை ஏற்காதோரையும் பிரித்துக் காட்டாது.

பாடசாலைப் பக்கம் இன்னொரு மூலம். 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்குகிறது; இப்போது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அவற்றை எவரும் இறக்கிக்கொள்ளலாம். சமயம் கட்டாய பாடம். பிள்ளை தன் சமயத்தையே படிக்கிறது. ஆகவே காரைதீவுப் பிள்ளை சைவநெறியையும் மாளிகைக்காட்டுப் பிள்ளை இஸ்லாத்தையும் ஒரே மொழியில், தனித்தனி வகுப்பறையில் படித்து வளர்கிறார்கள். உயர்தரத்திலும் இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம் என்று பாதை பிரிகிறது. இரு நூல்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது இணையத்தில்தான். ஒப்பிட்டுக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிட மலிவான, நம்பத்தக்க தொடக்கம் இல்லை. ஆனால் இந்நூல்கள் நாடு முழுவதற்கும் பொதுவான சமயத்தைச் சொல்வன. குளிர்த்தியையும் கொடியேற்றத்தையும் ஆசிரியர்தான் ஊரிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இன்றைய குறை அச்சில் இல்லாதவற்றில் இருக்கிறது. வழக்குரை பாடும் குரல்கள், மௌலூது ஓதும் மெட்டுகள், பல ஊர்களில் வீட்டுப் பேழையில் இருக்கும் ஏடுகள், வண்ணக்கர்மாரும் மரைக்காயர்மாரும் நினைவில் வைத்திருக்கும் முறைமைகள் ஆகியவற்றில் சிறுபகுதியே பதிவாகியுள்ளது. நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளம் ஒலி, ஒளி, புகைப்படம், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கென்றே அமைந்தது. அங்கே சேர்க்கும்போது பாடியவர் பெயர், கோயில், சடங்கின் எந்த நாள், எந்த ஏட்டுப் பாடம் என்ற விவரங்கள் உடன்சென்றால்தான் 1968ஆம் ஆண்டுப் பதிப்போடு வைத்து ஒப்பிட முடியும்.