கல்லீரல் வடு: 'மீளாது' என்னும் கருத்தின் வரலாறு

முன்னுரை

தொடர்ந்து சேதமுறும் கல்லீரலில் நார்த்திசு படிந்து வடுவாகிறது. அதன் முற்றிய நிலை சிரோசிஸ் எனப்படும். 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக், அந்நிலையில் கல்லீரல் கொள்ளும் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். இவ்வடு மறையாது என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நிலவிய கருத்து. அக்கருத்து தளர்ந்த வரலாற்றையும், அதன் வழித் தோன்றிய சிகிச்சை முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வளரும் உறுப்பும் வடுவாக்கும் அணுவும்

1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் ஆகியோர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரு பங்கை நீக்கினர். எஞ்சிய பகுதி வளர்ந்து இழந்த எடையை ஈடுசெய்தது. இத்தகைய ஆற்றலுடைய உறுப்பில் வடு உருவாவது ஏன் என்பதற்கு வேறொரு தடத்தில் விடை கிடைத்தது. 1876இல் குப்ஃபர் விவரித்த விண்மீன் வடிவ அணுக்கள் வைட்டமின் ஏ சேமிப்பவை என்பதை 1971இல் ஜப்பானியரான கெஞ்சிரோ வாக்கே நிறுவினார். சேதம் தொடரும்போது இவ்வணுக்கள் அவ்வைட்டமினை இழந்து, வடுவின் மூலப்பொருளாகிய கொலாஜனைச் சுரக்கின்றன என்பது 1980களின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

மீட்சிக்கான சான்றுகள்

சிரோசிஸ் மீளக்கூடியதா என்னும் வினாவை 1979இல் மெக்சிகோ நோயியலாளர் பெரெஸ் தமாயோ வெளிப்படையாக எழுப்பினார். 2005இல் வெளியான எலி ஆய்வு, பெருவிழுங்கணுக்கள் சேதக் காலத்தில் வடுவை வளர்ப்பதையும், மீட்சிக் காலத்தில் அதைக் கரைக்க உதவுவதையும் காட்டியது. மனிதரிடத்து வலுவான சான்று 2013இல் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைத் தடுக்கும் டெனோஃபோவிர் மருந்தை ஐந்தாண்டுகள் உட்கொண்டோருள், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேரின் திசுச் சோதனையில் அந்நிலை காணப்படவில்லை.

உயிரணுச் சிகிச்சை

2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களையே அவருடலில் செலுத்தி முன்னேற்றம் கண்டதாக அறிவித்தனர். அது ஒப்பீட்டுக் குழுவற்ற சிறிய ஆய்வு. 2018இல் பிரித்தானியாவில் 81 நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஒப்பீட்டாய்வில், மஜ்ஜையைத் தூண்டும் மருந்தோ அதனுடன் செலுத்திய குருத்தணுக்களோ பயன் தரவில்லை; பக்கவிளைவுகளே மிகுந்தன. 2019இல் எடின்பரோ ஆய்வாளர்கள் பெருவிழுங்கணுக்களை 9 பேருக்குச் செலுத்தி வெளியிட்ட முடிவு, பாதுகாப்பை மட்டுமே சோதித்த முதற்கட்டத்திற்குரியது.

முடிவுரை

'மீளாது' என்னும் முடிவு, காரணம் நீங்காத நோயாளிகளையே பெரிதும் கண்ட காலத்தின் விளைவு எனலாம். காரணத்தை அகற்றினால் வடு கரையலாம் என்பதற்குச் சான்று உண்டு. அணுக்களைச் செலுத்தினால் கரையும் என்பதற்கு அத்தகைய சான்று இன்னும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால், நோயாளியின் நம்பிக்கை நிறுவப்படாத சிகிச்சைக்கு விலையாகிவிடும். செயலிழந்த கல்லீரலுக்கு, 1963இல் ஸ்டார்சல் தொடங்கிவைத்த மாற்று அறுவையே இன்றும் உறுதியான வழியாக உள்ளது.