ஒன்பது மாத மனிதர்கள்

'வெளிநாட்டில் கோப்பை கழுவுகிறான்' என்பது எண்பதுகளில் நமது ஊர்களில் அடிக்கடி காதில் விழுந்த வாசகம். சொல்பவரின் தொனியைப் பொறுத்து அது பரிதாபமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். சுவிற்சர்லாந்துக்குச் சென்ற நம்மவர் பலர் உணவகங்களின் பின்கட்டில் நின்றுதான் அந்த நாட்டை அறிந்துகொண்டார்கள். ஆனால் அந்தக் கழுவுதொட்டியின் முன்னால் அவர்களுக்கு முன்பே அரை நூற்றாண்டுக் காலம் வேறு மனிதர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

அல்ப்ஸ் மலையில் குளிர்காலத்துக்கு விருந்தாளிகள் வருவதென்பது 1864 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். சென்ற் மொறிற்ஸ் விடுதி உரிமையாளர் ஜொஹானஸ் பத்ருத், கோடையில் வந்த ஆங்கிலேயரிடம், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது என்று பந்தயம் கட்டினாராம். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்பது விடுதிக்காரருக்கே வெளிச்சம். எப்படியாயினும் பனி பணமாயிற்று. 1928 இலும் 1948 இலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அவ்வூரிலேயே நடைபெற்றன. 1934 டிசம்பரில் டாவோஸில் சறுக்குவோரை மேட்டுக்கு இழுத்துச் செல்லும் இயந்திர இழுவை இயங்கத் தொடங்கியது.

அதே 1934 ஆம் ஆண்டின் முதல் நாளன்று, 1931 இல் இயற்றப்பட்டிருந்த வெளிநாட்டவர் வதிவிடச் சட்டமும் நடைமுறைக்கு வந்திருந்தது. பருவத் தொழிலாளி என்றொரு மனித வகையை அச்சட்டம் வரையறுத்தது. வருடத்தில் அதிகபட்சம் ஒன்பது மாதங்கள் அவர் அங்கே இருக்கலாம். எஞ்சிய மூன்று மாதங்கள் நாட்டை விட்டு வெளியேறியாக வேண்டும். பருவம் முடியும்வரை முதலாளியை மாற்ற முடியாது. தொழிலையும் மாநிலத்தையும் கூட மாற்ற முடியாது. மனைவி மக்களை அழைத்துவர முடியவே முடியாது. 'ஏ' அனுமதி என்று அழைக்கப்பட்ட அந்த அட்டை கட்டடத் தொழில், விவசாயம், விடுதித் தொழில் ஆகியவற்றுக்கென்றே அமைந்தது போலிருந்தது.

1948 இல் இத்தாலியுடன் ஆட்சேர்ப்பு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதன் பின் புகையிரதங்கள் நிரம்பி வழிந்தன. எல்லையில் சியாசோவிலும் பிறிக்கிலும் இறங்கியவர்கள் மேலாடை களைந்து வரிசையில் நின்று நெஞ்சுப் படம் எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. அந்த வரிசையின் அவமானத்தை முதுமையிலும் மறக்காதவர்கள் பலர். இத்தாலியர்களைத் தொடர்ந்து ஸ்பானியர்களும், யூகோஸ்லாவியரும், போர்த்துக்கேயரும் வந்தார்கள்.

தொடர்ச்சியாகப் பல பருவங்கள் உழைத்தால் வருடாந்த அனுமதி பெறலாம் என்றொரு வழி இருந்தது. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஐந்து ஆண்டுகளில் 45 மாதங்கள் உழைத்திருக்க வேண்டும். கணக்குப் பாருங்கள்: ஐந்து ஆண்டும் முழுதாக ஒன்பது மாதங்கள், ஒரு மாதமும் பிசகக்கூடாது. பனிச்சறுக்கு விடுதியின் பருவமோ டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். அங்கே படுக்கை விரித்தவருக்கும் பாத்திரம் கழுவியவருக்கும் கோடையிலும் வேலை கிடைத்தாலன்றி இந்தக் கணக்கு எக்காலத்திலும் நிறைவேறாது.

1965 ஓகஸ்ட் 30 ஆம் திகதி மாலை, சாஸ் பள்ளத்தாக்கின் தலைப்பில் மட்மார்க் நீர்மின் அணைக்கட்டுத் தளத்தின் மீது அல்லலின் பனியாற்றின் முனை உடைந்து வீழ்ந்தது. 88 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் இத்தாலியர். தொழிலாளரின் குடில்களும் உணவுக்கூடமும் பனியாற்றுக்கு நேர் கீழே அமைக்கப்பட்டிருந்தன. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் 1972 இல் விடுவிக்கப்பட்டனர். மேன்முறையீடு செய்த குடும்பத்தினரோ நீதிமன்றச் செலவில் பாதியைக் கட்டுமாறு பணிக்கப்பட்டனர். அதே அல்லலின் மலையின் மறுபக்கச் சரிவில்தான் இன்று சாஸ்-ஃபே விருந்தினர்கள் கோடையிலும் சறுக்கி விளையாடுகிறார்கள்.

ஆயினும் இந்த ஏற்பாட்டின் ஆழமான காயம் மலையில் ஏற்பட்டதல்ல, வீட்டுக்குள் ஏற்பட்டது. பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோர் சிலர் சட்டத்தை மீறி அழைத்து வந்து அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். சத்தம் போடாதே, யன்னலருகே போகாதே, மணி அடித்தால் அலுமாரிக்குள் போ. பக்கத்து வீட்டார் பொலிசுக்கு அறிவித்தால் குடும்பமே வெளியேற்றப்படும். அப்பன் அம்மா வேலைக்குப் போனதும் பிள்ளை நாள்முழுதும் தனியே. பள்ளிக்கூடமும் இல்லை. 'அலுமாரிப் பிள்ளைகள்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவ்வாறு ஒளிந்து வாழ்ந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருப்பர் என மதிப்பிடப்படுகிறது. வேறு சிலர் எல்லைக்கு அப்பால் இத்தாலிய விடுதிகளிலும் பாட்டிமாரிடமும் விடப்பட்டார்கள்.

வெளிநாட்டவரின் தொகையைக் குறைக்கக் கோரிய சுவார்சன்பாக் முன்மொழிவு 1970 ஜூன் 7 இல் வாக்கெடுப்புக்கு வந்தது. 54 சதவீதத்தினர் அதை நிராகரித்தனர். வாக்களித்தவர் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. மாறாக, பருவத் தொழிலாளர் முறையை ஒழிக்கக் கோரிய 'ஒன்றாக' என்ற முன்மொழிவை 1981 ஏப்ரலில் 84 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். முன்னதில் தப்பியது ஒரு மயிரிழையில். பின்னதில் தோற்றது பெருவெள்ளத்தில்.

நம்மவர் வந்து சேர்ந்தது இதற்குச் சற்றுப் பின்னர்தான். அவர்களுக்கு 'ஏ' அட்டை கூடக் கிடையாது. புகலிடம் கோரியவர்கள் என்ற வேறொரு வரிசையில் அவர்கள் நின்றார்கள். 1991 இல் வகுக்கப்பட்ட 'மூன்று வட்டக்' கொள்கையில் நமது நாடு கடைசி வட்டத்தில் இருந்தது. வேலைக்கென்று சட்டப்படி அழைக்கப்படாதவர்கள், அழைக்கப்பட்டவர்களுக்கு அருகில் நின்று அதே கோப்பைகளைக் கழுவினார்கள். இத்தாலியர் மூன்று மாதமாவது ஊருக்குத் திரும்பினார். நம்மவருக்குத் திரும்பிப் போக வழியிருக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஆட்கள் சுதந்திர நடமாட்ட உடன்படிக்கை 2002 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்தபோது, பருவத் தொழிலாளர் சட்டநிலை முடிவுக்கு வந்தது. குளிர்காலத்துக்கென்று வரும் போர்த்துக்கேயப் பணிப்பெண் இன்று தன் பிள்ளையைக் கூட்டி வரலாம். அன்று அலுமாரிக்குள் இருந்த பிள்ளைகள் இப்போது ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள். அவர்கள் 2021 இல் 'தெசோரோ' என்றொரு சங்கத்தை அமைத்து, நடந்ததை அரசு ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரத் தொடங்கினார்கள். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் பொக்கிஷம் என்று பொருள். தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சி அழைக்கும் சொல்லும் அதுவே.