சுட்டவன் அலி... பேர் வாலஸுக்கு!

காட்டு உயிர்களைக் கணக்கெடுக்க இன்றைக்கு முறையான பயிற்சியெல்லாம் வந்துவிட்டது. பணம் கட்டினால் மழைக்காட்டுக்குள் கூட்டிப் போவார்கள். சில வாரம் கூடாரத்தில் தங்கி, அட்டைக்கும் கொசுவுக்கும் ரத்த தானம் செய்து, எந்தப் பறவை, எந்தத் தவளை, எங்கே, எத்தனை என்று எழுதப் பழகிக்கொண்டால் சான்றிதழோடு வீடு திரும்பலாம்.

ஏறக்குறைய 170 வருஷத்துக்கு முன்னால் இதே படிப்பை ஒரு பையன் படித்தான். அவன் ஃபீஸ் கட்டவில்லை. அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காரணம், அவன் படிக்க வரவில்லை. சமைக்க வந்தான்!

பெயர் அலி. ஊர், போர்னியோ தீவின் சரவாக். மலாய்க்காரன். 1855-ல் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். சமையல் செய்ய வேண்டும், கூடவே தன்னோடு பேசிப் பேசி மலாய் மொழி கற்றுத்தர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்த வாலஸும் பட்டதாரி இல்லை. பதினாலு வயது வாக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு நிலம் அளக்கப் போனவர். அமேசான் காட்டில் நாலு வருஷம் அலைந்து சேர்த்ததையெல்லாம் 1852-ல் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும்போது, நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்துவிட்டது. திறந்த படகில் பத்து நாள் தத்தளித்துத்தான் உயிர் பிழைத்தார். வேறு யாராவது என்றால் போதுமடா சாமி என்று உட்கார்ந்திருப்பார்கள். இவரோ 1854-ல் சிங்கப்பூரில் வந்து இறங்கிவிட்டார்!

அவருடைய பிழைப்பே இதுதான். பறவை, வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் பிடித்து, கெடாமல் பதப்படுத்தி லண்டன் ஏஜெண்டுக்கு அனுப்புவார். மியூசியங்களும் சேகரிப்பாளர்களும் வாங்குவார்கள். ஒரு தோல் கிழிந்தால் அன்றைய வருமானம் போச்சு.

இந்த வேலையைத் தமிழில் 'பாடம் செய்வது' என்கிறோம். எத்தனை பொருத்தமான சொல்! பறவையின் தோலைச் சிறகு உதிராமல் உரித்து, உள்பக்கம் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் எறும்புப் படை வந்து காலி செய்துவிடும். லண்டனிலிருந்து வாலஸ் கூட்டிவந்த சார்லஸ் ஆலன் என்ற பையனுக்கே இது ஆரம்பத்தில் வரவில்லை. அவன் கைபட்ட பறவைக்குத் தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கழுத்தில் பஞ்சு கட்டி மாதிரி புடைத்திருக்கும் என்று வாலஸ் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். (பிற்பாடு ஆலனும் தேறிவிட்டார், பாவம்!)

அலி பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். முதலில் துப்பாக்கி சுட, அப்புறம் தோல் உரிக்க, கடைசியில் நேர்த்தியாகப் பாடம் செய்ய. பிறகு புதிதாகச் சேரும் ஆட்களுக்கு அவனே வாத்தியார்!

எல்லாவற்றையும் விட முக்கியமானது சீட்டு. எந்தத் தீவில் கிடைத்த பறவை என்ற குறிப்பு. அது இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் அழகான செத்த பறவை. 1856-ல் பாலியிலிருந்து லொம்போக் போனபோது, நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். ஆனால் அந்தப் பக்கம் ஆசியப் பறவைகள், இந்தப் பக்கம் ஆஸ்திரேலியச் சாயல் பறவைகள். 'வாலஸ் கோடு' என்று உலகம் இன்றும் படிக்கிற விஷயத்துக்கு ஆதாரம், இப்படித் தீவு தீவாகச் சேர்த்த கணக்குதான்.

1858-ல் பாச்சான் தீவில் ஒருநாள் அலி இடுப்பில் பறவைகளைக் கட்டித் தொங்கவிட்டபடி திரும்பினான். அதில் ஒன்று விசித்திரமாக இருந்தது. மார்பில் பச்சைக் கேடயம், இரண்டு தோளிலிருந்தும் நீண்டு நிற்கும் வெள்ளை இறகுகள். விஞ்ஞானம் அதுவரை அறியாத ஒரு சொர்க்கப் பறவை! மறுவருஷம் அதற்குப் பெயர் வைத்தார்கள்: செமியோப்டெரா வாலஸி.

நான் பி.காம். படித்தவன். ஒரு வரவு என்றால் அதை யார் பெயரில் எழுதுவது என்று பார்ப்பதே எங்கள் முதல் பாடம். நீங்களே சொல்லுங்கள், இந்த வரவை யார் பெயரில் எழுதியிருக்க வேண்டும்?

வாலஸ் நன்றி கெட்டவர் இல்லை. எட்டு வருஷத்தில் சேர்ந்த மாதிரிகள் 1,25,660. அதில் பறவைகள் மட்டும் 8,050. 1862-ல் சிங்கப்பூரில் பிரியும்போது பணம், இரண்டு துப்பாக்கிகள், மிச்சமிருந்த சாமான்கள் எல்லாம் அலிக்குக் கொடுத்தார். ஒரு போட்டோவும் எடுக்கவைத்தார். தன் சுயசரிதையில் அவனை மனமாரப் பாராட்டியும் இருக்கிறார். ஆனால் சான்றிதழ்?

1907-ல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் டெர்னாட்டே தீவுக்குப் போனார். ஒரு சுருங்கிப்போன கிழவர் எதிரே வந்து நின்று தன்னை 'அலி வாலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். யாரும் தராத பட்டத்தை அவரே தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்!

கதை அங்கேயே முடிந்திருந்தால் மனசு கனத்திருக்கும். 1989-ல் கோஸ்டா ரிக்காவில் டேனியல் ஜான்சன் என்ற உயிரியலாளரும் அவர் சகாக்களும் காட்டோரத்துச் சாதாரண ஜனங்களை அழைத்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பூச்சியைப் பிடி, பாடம் செய், இடமும் தேதியும் எழுது. அலி படித்த அதே படிப்பு! இந்தத் தடவை அதற்கு ஒரு பதவிப் பெயரும் மாதச் சம்பளமும் இருந்தன. டாக்டருக்குத் துணையாக பாராமெடிக் இருப்பது மாதிரி, இவர்கள் 'பாராடாக்ஸானமிஸ்ட்'.

2014-ல் அந்த நாட்டுக் குளவிகள் ஏராளமானவற்றைப் புதிய இனங்கள் என்று அறிவித்தபோது, விஞ்ஞானிகள் பலவற்றுக்கு இந்த ஊர்க்காரர்களின் பெயரையே வைத்தார்கள்.

பிடித்தவர் பேருக்கே வரவு. கணக்கு நேரானதைப் பார்க்க அலிதான் இல்லை.