நெட்வொர்க் பெட்டியின் ஃபேன் இரைச்சல்: சூடு ஏறாமல் குறைப்பது எப்படி?

சாதாரண வைஃபை ரவுட்டரில் பெரும்பாலும் ஃபேனே கிடையாது. வீட்டில் இரைச்சல் போடுவது வேற ஆள்: அலுவலகம் கழித்துவிட, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த ரேக் ஸ்விட்ச், கேமராக்களுக்குக் கேபிள் வழியே கரன்ட்டும் தரும் பிஓஇ ஸ்விட்ச், அல்லது நாஸ் பெட்டி.

ரேக் ஸ்விட்ச்சின் உயரம் பொதுவாக 44 மில்லிமீட்டர்தான். அதற்குள் 40 மி.மீ. ஃபேன்தான் நுழையும். அவ்வளவு சின்ன இறக்கை போதுமான காற்றைத் தள்ளணும்னா, நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றியாகணும். சர்வர் அறைக்காகச் செய்த பொருள், அங்கே யாரும் தூங்குவதில்லை.

உங்களுக்குச் சாதகமான கணக்கு ஒன்று இருக்கு. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் தோராயமாக 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதி சத்தமாகத்தான் கேட்கும். வேகத்தை வெறும் 20 சதவீதம் குறைத்தாலே சுமார் 5 டெசிபல் மிச்சம். தூங்கும் அறைக்குள் 30 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல்.

சிக்கல் வெயில்தான். வீட்டு நெட்வொர்க் கருவிகள் பலவற்றின் பெட்டியிலேயே 40 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருக்கும். மே மாத டெல்லியில், ஏசி இல்லாத அறையில், மூடிய அலமாரிக்குள் அந்த வரம்பு சுலபமாகத் தாண்டிடும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ஃபேனைத் தொடுவதற்கு முன்னாடி சூட்டைக் குறையுங்க.

பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுங்க. காற்று நுழையும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீங்க. பிளக்கைக் கழற்றிவிட்டு தூசியை ஊதுங்க. அப்போ இறக்கை சுழலாமல் விரலால் பிடிச்சுக்கணும், இல்லன்னா பேரிங் கெட்டுப்போகும். ஃபேன் வேகத்தை மாற்றும் வசதி செட்டிங்கில் இருக்கான்னும் பாருங்க. நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்கும். கரகரன்னு உரசும் சத்தம் வந்தால் அது வேகத்தால் அல்ல, பேரிங் தேய்ந்திருக்கு. ஃபேனை மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது வோல்ட், அளவு, தடிமன், கனெக்டரின் பின் எண்ணிக்கை எல்லாம் பொருந்தணும். பின் வரிசையைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும் கம்பெனிகள் உண்டு, பிளக் பொருந்துவதை மட்டும் நம்பாதீங்க. ஆஸ்திரியாவின் நொக்டுவா விற்கும் 40 மி.மீ. ஃபேன் 20 டெசிபலுக்குள் ஓடும். ஆனால் அது தள்ளும் காற்று, ஸ்விட்ச்சோடு வந்த ஃபேனைவிடப் பல நேரம் ரொம்பக் குறைவு. வேகம் குறைந்ததைப் பார்த்து, ஃபேன் பழுது என்று சில ஸ்விட்ச்கள் அலாரமும் அடிக்கும். எட்டுக் கேமராவுக்கு மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச்சில் இந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பவர் சப்ளை பகுதியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒண்ணு கேட்கணும்: நாலு ஒயருக்கு 48 போர்ட் ஸ்விட்ச் எதுக்கு? ஃபேனே இல்லாத 8 போர்ட் ஸ்விட்ச் கடையில் தாராளமா கிடைக்குது. பழையதை வைத்துத்தான் ஆகணும்னா, ஃபேன் மாற்றியபின் நல்ல வெயிலுள்ள மதியத்தில், முழு வேலை ஓடும்போது, செட்டிங் பக்கத்தில் வெப்பநிலையைப் பாருங்க. ராத்திரி பார்த்த எண்ணை வைத்து முடிவு பண்ணாதீங்க.