டேப் கீ எங்கே போய் நிக்கும்? கொஞ்சம் வரலாறு

4.1.

இது பொட்டாசியம்னா நார்மல், வீட்டுக்குப் போகலாம். இதே 4.1 கிரியேட்டினின்னா சிறுநீரகம் மோசமா இருக்கு, உடனே பார்க்கணும். எண் ஒண்ணுதான். எந்தத் தலைப்புக்குக் கீழே நிக்குதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

லேப் ரிசல்ட்டை கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி வாட்ஸப்ல ஒட்டினா வரிசை கலைஞ்சு வர்றதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி டைப்ரைட்டர் காலத்துக் கதை ஒண்ணு இருக்கு. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

தமிழ்நாட்டுல டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணவங்க வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. அவங்களைக் கேளுங்க. பரீட்சையில ஸ்டேட்மென்ட் அடிக்கணும்: வரிசை எண், பெயர், தொகைன்னு பத்தி பத்தியா. முதல்ல எழுத்துகளை எண்ணி, கணக்குப் போட்டு, எந்தெந்த இடத்துல நிக்கணும்னு மிஷின்ல டேப் செட் பண்ணணும். அப்புறம் கீயை அழுத்தினா கேரேஜ் சர்ருனு ஓடி அங்கேயே டக்குனு நிக்கும்.

நிறுத்தம் மிஷின்ல இருந்தாலும் இடைவெளி பேப்பர்ல விழுந்துடுச்சு. பேப்பரை எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போனாலும் அது மாறாது. எங்க அன்னவாசலுக்குப் பக்கத்துல சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துல, கல்படுக்கையில தமிழி எழுத்து வெட்டி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. வெட்டின இடத்துலயேதான் இருக்கு. (கொஞ்சம் ஊர்ப் பெருமை, கண்டுக்காதீங்க.)

கம்ப்யூட்டர் வந்ததும் கதை மாறிடுச்சு. 1963ல் வந்த ஆஸ்கி தரத்தில் டேப்புக்கு 9ஆம் எண். ஃபைல்ல பதிவாகிறது "அடுத்த நிறுத்தத்துக்குப் போ" என்ற உத்தரவு மட்டும்தான். நிறுத்தம் எங்கே என்பது ஃபைல்லயே இல்லை. டிக்கெட்ல ஊர் பேர் போடாம "அடுத்த ஸ்டாப்"னு மட்டும் எழுதின மாதிரி. எந்த பஸ்ல ஏறினீங்களோ அதைப் பொறுத்து இறங்குற இடம் மாறும்.

இதைச் சமாளிக்கத்தான் 1970களில் பெல் லேப்ஸின் யூனிக்ஸில் 'டேப்ஸ்' என்ற சின்ன கமாண்ட் வந்தது. டைப்ரைட்டர்ல கையால செட் பண்ணினதை டெர்மினலுக்கு இது பண்ணும்: பழைய நிறுத்தங்களை அழிச்சிட்டு, கேட்ட இடங்கள்ல புதுசா வைக்கும். எதுவும் சொல்லலைன்னா 8 எழுத்துக்கு ஒண்ணு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், மொழிக்கு மொழி ரெடிமேட் அளவுகள். கோபால் மொழின்னா 1, 8, 12, 16, 20, 55. ஃபோர்ட்ரான்னா 1, 7, 11னு போகும். ஏன் 7? 80 பத்தி கொண்ட பஞ்ச் கார்டில் ஃபோர்ட்ரான் வரி 7ஆவது பத்தியில்தான் தொடங்கணும். கோபாலுக்கு 8ம் 12ம். கார்டு காணாமப் போச்சு, ஆனா அதோட அளவு போசிக்ஸ் தரத்துல இன்னிக்கும் இந்த கமாண்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு.

சிக்கல் என்னன்னா, நிறுத்தம் வைக்கிற ரகசிய உத்தரவு டெர்மினலுக்கு டெர்மினல் வேற. 1978ல் வந்த விடி100ல் நிறுத்தங்களை மாத்தி, கரண்ட் போனாலும் மறக்காம சேமிச்சே வைக்கலாம். அதே கம்பெனியோட முந்தைய விடி52ல் மாத்தவே முடியாது. அதனால எந்த டெர்மினலுக்கு எந்த உத்தரவுன்னு 'டெர்ம்இன்ஃபோ'ங்கிற பொது அட்டவணை வந்தது. இப்போ லினக்ஸில் என்கர்சஸ் தொகுப்போட வர்ற டேப்ஸ், அதைப் பார்த்துதான் வேலை செய்யுது.

ஆனா இது திரையை மட்டும்தான் சரி பண்ணும், ஃபைலைத் தொடாது. உங்க திரையில அழகா நின்ன பட்டியல் அடுத்தவர் மிஷின்ல கலையும். தமிழ்ல இன்னும் மோசம். டெர்மினல் திரையைச் சம அளவு கட்டங்களாப் பிரிச்சு எண்ணுது. நம்ம 'கோ' சேமிப்புல ரெண்டு குறி, பார்வைக்கு மூணு உருவம், அகலமும் 'ட' மாதிரி கிடையாது. நிறுத்தம் சரியா இருந்தாலும் எழுத்து வழுக்கும்.

'எக்ஸ்பேண்ட்'னு இன்னொரு கமாண்ட் டேப்பை எடுத்துட்டு அத்தனை வெற்றிடங்களா மாத்தி வெளியே தரும்; அதைப் புது ஃபைலாச் சேமிச்சா டைப்ரைட்டர் பேப்பர் மாதிரி. என்னைக் கேட்டா இதுதான் நேர்மையான வழி. ஆனா இதுவும் எழுத்தெல்லாம் ஒரே அகலமா இருக்கிற திரையிலதான் எடுபடும். வாட்ஸப் எழுத்து அப்படி இல்லை.

இப்போ அந்த 4.1க்கு வருவோம். யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம்னு தலைப்பு. கிரியேட்டினின் ரிசல்ட் இன்னும் வரலை, கட்டம் காலி. ஃபைல்ல அந்த இடத்துல அடுத்தடுத்து ரெண்டு டேப். ஒட்டும்போது ரெண்டும் ஒரே வெற்றிடமா சுருங்கினா, பொட்டாசியத்தோட 4.1 நகர்ந்து கிரியேட்டினின் இடத்துக்கு வந்துடும். இது மறுபக்கமும் நடக்கலாம்: நிஜமாவே கிரியேட்டினின் 4.1 இருக்கிறவர் "நார்மல்"னு வீட்டுக்குப் போகலாம்.

அதனால அப்பா அம்மா ரிசல்ட்டை டாக்டருக்கு அனுப்பும்போது பட்டியலா ஒட்டாதீங்க. ஒரிஜினல் பேப்பரை முழுசா, பேரும் தேதியும் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. டைப் பண்ணித்தான் ஆகணும்னா ஒரு வரிக்கு ஒரு டெஸ்ட், இப்படி:

பொட்டாசியம் 4.1 மில்லி ஈக்விவலென்ட்/லிட்டர்
கிரியேட்டினின் இன்னும் வரவில்லை