கல்லில் எழுதிய காஞ்சி

குடமுழுக்கு மலருக்கு எழுதும்படி விழாக்குழு அன்பர்கள் இட்ட பணியைத் தலைமேற்கொண்டேன். ஏகம்பத்து மாவடியையும் காமகோட்டத்தையும் அத்திவரதரையும் பற்றி நம் ஊராருக்கு அடியேன் சொல்ல என்ன இருக்கிறது? விழாவுக்கு வரும் வெளியூர் உறவினரை ஒரு பகல் எங்கே அழைத்துப் போகலாம் என்று மட்டும் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைத் தாண்டி, முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்றளி அது. திருச்சுற்றில் 58 சிற்றாலயங்கள். அவற்றில், புடவைக்குக் கரை ஓடுவதுபோல், மன்னனின் விருதுப் பெயர்கள் ஓடுகின்றன: ராஜசிம்மன், அத்யந்தகாமன், ஸ்ரீபரன், ரணஜயன் என்று தொடங்கி 200க்கும் மேல். அதே பெயர்களை வேறு வேறு எழுத்து வடிவங்களில் திரும்பவும் வெட்டியிருக்கிறார்கள். ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் நம் வழக்கத்துக்கு முன்னோடி பல்லவனே போலும்!

ஆனால் இதே மன்னன் கலியுகத்தில் அசரீரி கேட்டதாக விமானத்து வடமொழிக் கல்வெட்டு வியக்கிறது. சேக்கிழார் பெருமான் பாடிய பூசலார் வரலாறு உடனே நினைவுக்கு வரும். நின்றவூரில் ஓர் அன்பர் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கு எழுந்தருள வேண்டி, காஞ்சிக் கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொன்னான் இறைவன். கல்வெட்டுக்கும் காப்பியத்துக்கும் இடையே நானூறு ஆண்டு இருக்கிறதே என்று ஆய்வாளர் தயங்கலாம், அடியேனுக்குத் தயக்கமில்லை. திருப்பணிக்குப் பொருள் தருவோரே, பெயர் பொறிக்கும் முன் பூசலாரை ஒருமுறை நினையுங்கள்.

முன்மண்டபத் தூணில் ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கொள்ளையிடாமல் இறைவனுக்கே திரும்ப அளித்த செய்தி அதில் இருக்கிறது. பகைவனையும் பணிய வைத்த கோயில்! அவன் தேவி லோகமாதேவி பட்டதக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் நம் காஞ்சியின் சாயலைக் காணலாம்.

ஏகாம்பரநாதருக்குக் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய இராசகோபுரத்தைத் தெருவில் போகும்போதே கும்பிட்டுவிடலாம்.

மாலையில் வைகுந்தப் பெருமாள் கோயில். நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் பெருமாள். சுற்றுமண்டபச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக நிற்கிறது. அதற்கு வழிகாட்டி, சி. மீனாட்சி அம்மையார் எழுதி, அவர் மறைந்தபின் 1941இல் வெளிவந்த நூல். அரசன் இல்லாத காஞ்சிக்கு அரசனைத் தேடி ஊர்ப் பெரியோர் இரணியவர்மனிடம் செல்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் 'நான் போகிறேன்' என்கிறான். நந்திவர்மனாக முடிசூடி இக்கோயிலைக் கட்டியவன் அவனே. குழந்தைகளை அந்தச் சிற்பத்தின் முன் நிறுத்திக் கதையைச் சொல்லுங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.